பட்டணத்தில் தொலைந்த கொள்ளுத்தாத்தா: ஆளைத் தேடாதீர்கள், தெருவைத் தேடுங்கள்!

“ஒவ்வொரு அமாவாசைக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் படைக்கிறேன். எங்க அப்பாவுக்குன்னு ஒரு நாளு இல்லியே கண்ணு...”

வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே கையில் செல்போனோடு பேத்தி. பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள்.

“உங்க அப்பா என்னிக்குப் போனாருன்னு யாருக்குமே தெரியாதா ஆயா?”

“பட்டணத்துல போனாரு. பின்னி மில்லுல வேலை. குண்டு போடப் போறாங்கன்னு சொல்லி எங்களை இங்க கொண்டாந்து வுட்டுட்டுப் போனாரு. அப்புறம் வரல. ‘ஆள் போயிட்டாரு’ன்னு ஒரு கடுதாசி வந்துச்சு. அது எங்கம்மாவோட போச்சு.”

பேத்தி உடனே செல்போனில் கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் ‘மெட்ராஸ்’ என்பதையும் போட்டுத் தேடுகிறாள். அதே பெயரில் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அவர் மட்டும் வரவில்லை.

இந்தப் பாட்டியும் பேத்தியும் ஓர் உதாரணம்தான். ஆனால், ‘பட்டணத்துக்குப் போனவர்’ ஒருவர் இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் குறைவு. அவரைப் பற்றிக் கேட்டால் அதோடு கதை நின்றுவிடும். குடும்ப வரலாறு தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

ஊரில் கிடைப்பவர் நகரத்தில் ஏன் கிடைப்பதில்லை?

கிராமத்தில் ஒருவரைத் தேடுவது சுலபம். நிலம் இருந்தால் பட்டாவும் சிட்டாவும் இருக்கும். நிலம் இல்லாவிட்டாலும் பங்காளிகள் இருப்பார்கள், குலதெய்வக் கோயில் இருக்கும், “அவரா? கிணத்து மேட்டுக்காரர் தம்பியாச்சே” என்று சொல்ல யாராவது இருப்பார்கள்.

நகரத்தில் இதெல்லாம் கிடையாது. 1901-ல் மெட்ராஸின் மக்கள்தொகை சுமார் 5 லட்சம். 1951 கணக்கெடுப்பில் அது 14 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். வாடகை ஏறினால் தெரு மாறுவார்கள், வேலை மாறினால் பேட்டை மாறுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் வேறு ஊரிலிருந்து வந்தவராகவே இருப்பார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலாவது பெயர் இருக்குமே என்று தோன்றும். பிரிட்டனில் 100 ஆண்டுகளும் அமெரிக்காவில் 72 ஆண்டுகளும் கழிந்த பிறகு, வீடு வீடாக எழுதிய கணக்கெடுப்புத் தாள்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். அங்கே பாட்டன் பூட்டனைத் தேடுபவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். இந்தியாவில் அந்த வழி இல்லை. 1948-ம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனிநபர் விவரங்களை யாரும் பார்க்க முடியாது. நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை மட்டுமே.

அதனால் நம் ஊர் நகரங்களில் தேடும் முறையே வேறு. பெயரை வைத்து ஆளைத் தேடினால் திசை தெரியாது. அவர் குடியிருந்த தெரு, வேலை பார்த்த இடம், கூட இருந்தவர்கள் என்று தேடிக்கொண்டு போனால், அந்த வட்டத்துக்குள் அவர் இருப்பார்.

முதல் வேலை: நினைவுக்கு ஆண்டு போடுவது

பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்டால், “யாருக்குப்பா ஞாபகம்!” என்றுதான் பதில் வரும். “அப்ப ஊர்ல என்ன நடந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள்.

சென்னையின் வரலாற்றில் சில நிகழ்ச்சிகள் குடும்பக் கதைகளுக்குள் ஆணி அடித்ததுபோல நிற்கும். ‘எம்டன் குண்டு போட்டப்ப’ என்றால் அது 1914 செப்டம்பர் 22. ஜெர்மன் கப்பல் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த இரவு. ‘மில்லுல பெரிய ஸ்டிரைக்கு’ என்றால் பெரும்பாலும் 1921-ன் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தமாக இருக்கும். ‘ஜப்பான்காரன் வரான்னு ஊரைக் காலி பண்ணினப்ப’ என்றால் 1942 ஏப்ரல். கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும், மெட்ராஸ் மக்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கிளம்பிய நாட்கள் அவை. ‘ட்ராம் ஓடிட்டு இருந்துச்சு’ என்றால் 1953 ஏப்ரலுக்கு முன்பு.

இப்போது பாட்டி சொன்னதை மறுபடி கேளுங்கள். குண்டுக்குப் பயந்து அப்பா ஊருக்குக் கொண்டுவந்து விட்டார். அப்படியென்றால் அது 1942. ‘கடுதாசி எப்ப வந்தது?’ என்று பேத்தி கேட்கிறாள்.

“எனக்குக் கல்யாணம் ஆவல. சொதந்தரம் வந்து கொடி ஏத்தினாங்க பாரு, அதுக்கு முந்தி.”

அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா இறந்தது 1942-க்கும் 1947-க்கும் நடுவில். ‘எப்பவோ’ என்றிருந்தது ஐந்து ஆண்டாகச் சுருங்கிவிட்டது. பதிவேட்டைப் புரட்டும் அலுவலருக்கு இந்த ஐந்து ஆண்டு என்பது பெரிய உதவி.

டிரங்குப் பெட்டியைத் திறங்கள்

ஆவணம் என்றாலே அரசு அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். முதல் ஆவணக் காப்பகம் பரண் மேல் இருக்கிறது.

பட்டணத்திலிருந்து பணம் அனுப்பியவர் என்றால், மணியார்டர் கூப்பன் இருக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு கையில் தங்கும் அந்தச் சின்னத் துண்டில் அனுப்பியவரின் விலாசம் இருக்கும். பழைய கார்டு கிடைத்தால், எழுதிய விஷயத்தை மட்டும் படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். முத்திரையைப் பாருங்கள். எந்தத் தபால் நிலையம், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். விலாசம் எழுதாத கடிதம்கூட அந்த முத்திரையால் ஒரு பேட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தொழிற்சங்கச் சந்தா ரசீது, பள்ளிச் சான்றிதழ், ஸ்டுடியோ பெயர் அச்சிட்ட புகைப்பட அட்டையின் பின்பக்கம் என எல்லாமே தடயம்தான். பித்தளைக் குடத்தையும் தாம்பாளத்தையும் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுத்தவர்கள் இனிஷியலோடு பெயரும் சில சமயம் தேதியும் வெட்டியிருப்பார்கள். காகிதத்தில் எங்குமே பெயர் வராத பாட்டிகளின் பெயர், பாத்திரத்தில் மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு.

ஒவ்வொன்றையும் செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். எது, யார் வீட்டிலிருந்து, எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாலு வருடம் கழித்து அந்த ஒரு வரிதான் உதவும்.

நம் பேத்திக்குப் பெட்டியில் கிடைத்தது ஒரே ஒரு கூப்பன். பாதி அழிந்த எழுத்தில் ‘பட்டாளம்’ என்பதும், கதவு எண்ணும், ஒரு தெருப் பெயரும்.

தெருவுக்கு எத்தனை பெயர்?

விலாசம் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. ஆனால், அதை அப்படியே இன்றைய மேப்பில் போட்டால் வராது.

சென்னைத் தெருக்கள் பெயர் மாறிக்கொண்டே வந்தவை. மவுன்ட் ரோடு அண்ணா சாலையானது. மவுப்ரேஸ் ரோடு டி.டி.கே. சாலையானது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையானது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையானது. பிராட்வே, பிரகாசம் சாலையானது. ‘பிளாக் டவுன்’ என்று பழைய ஆங்கிலப் பத்திரங்களில் இருந்தால், அது இன்றைய ஜார்ஜ் டவுன். 1970-களின் இறுதியில் தெருப் பெயர்களின் வாலில் இருந்த சாதிப் பட்டங்களை மாநகராட்சி எடுத்துவிட்டது. அதனால், பழைய காகிதத்தில் பட்டத்தோடு இருக்கும் தெரு, இன்று வெறும் பெயரோடு இருக்கும்.

ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் வேறு பெயர் என்ற கூத்தும் உண்டு. ஆர்மீனியர்கள் வாழ்ந்ததால் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் என்ற பெயர் வந்தது. மக்கள் வாயில் அது அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. அங்கே அரண்மனையும் இல்லை, அரண்மனைக்காரரும் இல்லை!

கதவு எண்ணும் அப்படித்தான். இன்றைக்கும் சென்னையில் வீட்டுக்கு வீடு ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டு எழுதியிருக்கிறார்கள். எண்பது வருடத்துக்கு முந்தைய எண், இந்த இரண்டில் எதுவுமாகவும் இல்லாமல் போகலாம். எண்ணை நம்பாமல், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கோயிலா, மசூதியா, குழாயடியா, சாராயக்கடையா? எண் மாறும், கோயில் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, சிவப்புக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909-ல் தொடங்கியது. உரிய அனுமதி பெற்று அங்கே பழைய அரசு ஆவணங்களைப் பார்க்கலாம். கொஞ்ச தூரத்தில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம். மெட்ராஸின் பழைய டைரக்டரிகளும் அல்மனாக்குகளும் இணையத்திலும் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. அவற்றில் ஆங்கிலேயர், அதிகாரிகள், வக்கீல்கள், வியாபாரிகள் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். ஆலைத் தொழிலாளி பெயரை எதிர்பார்க்க முடியாது. ஆனால் தெருப் பெயரைச் சரிபார்க்க அவை நல்ல துணை.

பெயருக்கு எத்தனை எழுத்து?

ஆங்கிலத்தில் எழுதிய பட்டியலில் தேடும்போது இன்றைய எழுத்துமுறையை மறந்துவிடுங்கள். அன்றைய குமாஸ்தாக்கள் ‘கந்தசாமி’யை ‘சி’ எழுத்தில் தொடங்கினார்கள். ‘கே’யில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ‘சாமி’யின் நடுவே ஒரு ‘டபிள்யூ’ இருக்கும். ‘முருகேசன்’ இரண்டு ‘ஓ’வோடு வருவார். ‘ழ’வுக்கு ஒருவர் ‘எல்’ போடுவார், இன்னொருவர் ‘ஆர்’ போடுவார், பிற்காலத்தவர் ‘இசட் எச்’ போடுவார். ஒரு பெயரை எப்படியெல்லாம் தப்பாக எழுத முடியும் என்று பத்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு தேட உட்காருங்கள்.

இனிஷியலை அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டு எழுத்து இருந்தால், பெரும்பாலும் முதலாவது ஊர், இரண்டாவது அப்பா. பட்டணத்தில் ஒரே பெயரில் நூறு பேர் இருந்தாலும், ஊரும் அப்பா பெயரும் சேர்ந்து பொருந்துகிறவர் ஒருவராகத்தான் இருப்பார். வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, ஆலையில் எழுதிய பெயர் ஒன்று என்று இருந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறப்புப் பதிவு: எங்கே குடியிருந்தார் என்பது முக்கியமில்லை

இறந்த தேதிக்கு நேரான வழி, பிறப்பு இறப்புப் பதிவேடுதான். 1969-ம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே, மெட்ராஸ் மாகாணத்துக்கு 1899-ல் தனிச் சட்டம் இருந்தது. அண்மைக்காலச் சான்றிதழ்களைச் சென்னை மாநகராட்சியின் இணையதளத்திலேயே எடுக்கலாம். பழையவற்றுக்கு மனு எழுதித் தேடச் சொல்ல வேண்டும். கட்டணம் கட்டித் தேடச் சொல்லும் உரிமையைச் சட்டம் தருகிறது. சாவுக்கான காரணம் மட்டும் நகலில் வராது. பதிவு இல்லையென்றால், ‘இல்லை’ என்பதையே சான்றாக எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதையும் பத்திரப்படுத்துங்கள், அந்த இடத்தில் தேடியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். பட்டாளத்தில் குடியிருந்தவர் பூங்கா நகரில் பெரியாஸ்பத்திரியில் இறந்திருந்தால், அந்த வட்டாரத்துப் பதிவேட்டில் இருப்பார். நகர எல்லைக்கு வெளியே இறந்திருந்தால், சென்னைப் பதிவேட்டில் அவர் வரவே மாட்டார். அம்பத்தூரும் திருவொற்றியூரும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் பேத்தி மனுப் போடுகிறாள். 1942 முதல் 1947 வரை தேடிப் பார்த்து, பதில் வருகிறது: பதிவு இல்லை.

பாதிப் பேர் இங்கே விட்டுவிடுவார்கள்.

கூடப் போனவர்கள் யார்?

அந்தக் கால ஆலைகளில் வேலைக்கு ஆள் எடுத்தது பெரும்பாலும் மேஸ்திரிகள் வழியாக. மேஸ்திரி தன் ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் கூட்டிப்போவார். பட்டணத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே, ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பார்கள். ஆகவே, ஒருவரைப் பற்றிய தகவல் அவர் குடும்பத்தில் இல்லாவிட்டாலும், அவரோடு போனவர் குடும்பத்தில் இருக்கலாம்.

“ஆயா, நம்ம ஊர்லேர்ந்து வேற யாரு பின்னிக்குப் போனது?”

பாட்டி யோசிக்கிறார். கீழத்தெருவில் ஒரு வீடு. போனவர் இல்லை, மகன் இருக்கிறார், அவருக்கே எண்பதைத் தாண்டிவிட்டது. பேத்தி போய்த் திண்ணையில் உட்காருகிறாள்.

“உங்க கொள்ளுத்தாத்தாவா? எங்கப்பா சொல்வாரும்மா. பஞ்சுத் தூசு, இருமலு. தாம்பரம் ஆஸ்பத்திரியில சேத்துட்டு, மாசம் ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வருவாராம்.”

எழுபது, எண்பது வருடம் அந்தப் பதில் ஐந்து வீடு தள்ளி இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை. 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அன்றைய தாம்பரம் மெட்ராஸ் நகரத்துக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். சென்னைப் பதிவேட்டில் பெயர் இல்லாததற்குக் காரணம் இப்போது புரிகிறது. அவர் தொலைந்துபோகவில்லை. தேடியவர்கள்தான் வேறு ஊரில் தேடியிருக்கிறார்கள்.

பத்திரமும் உயிலும்

உங்கள் முன்னோர் சொந்த வீடு வைத்திருந்தார் என்றால் வேலை இன்னும் சுலபம். 1908-ம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டம் 1909-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவரின் அப்பா பெயர், தொழில், விலாசம் எல்லாம் இருக்கும். நகரத்து வீடு என்றால் எந்தத் தெருவின் எந்தப் பக்கம், இப்போது யார் குடியிருப்பது, முன்பு யார் குடியிருந்தது என்றெல்லாம் குறிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

செக்குபந்தியைக் கட்டாயம் படியுங்கள். ‘கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை’ என்று நான்கு எல்லையும் வரும். உங்கள் முன்னோரின் பத்திரம் கிடைக்காமல் போனாலும், பக்கத்து வீட்டுப் பத்திரத்தின் எல்லையாக அவர் நிற்பார். வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடும்போது தெருவும் எண்ணும் உதவும் என்பதால்தான், தெருவைத் தேடச் சொல்வது.

வாடகைக்கு இருந்தவர் என்றால் வீட்டுக்காரர் பெயராவது இதில் கிடைக்கும். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேயே இருந்தால், வாடகைக் கணக்கு நோட்டுகூட இருக்கலாம்.

உயில் எழுதி வைத்தாரா என்றும் பாருங்கள். பதிவு செய்த உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு யாரும் மனுச் செய்து வாங்கலாம். மெட்ராஸ் நகரத்துக்கு இன்னொரு வசதி உண்டு. நகர எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு, உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கியாக வேண்டும் என்பது நெடுங்காலம் சட்டமாக இருந்தது. மற்ற மாவட்டங்களில் அந்தக் கட்டாயம் கிடையாது. அந்தப் புரொபேட் மனுக்களில் வாரிசுகள் பெயர் வரிசையாக இருக்கும். மகள்களின் பெயரும் சேர்ந்து வரும்.

பள்ளி, தேவாலயம், வேலை இடம்

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பிறந்த தேதி, அப்பா பெயர், விலாசம் இருக்கும். பழைய பள்ளிகளில் அந்த நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டால், மறுப்பவர்கள் குறைவு.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் காஜியின் நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்கலாம். ஆங்கிலோ–இந்தியக் குடும்பங்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மெட்ராஸ் தேவாலயப் பதிவுகள் பெரிய பொக்கிஷம். ஃபேமிலி சர்ச் போன்ற இணையதளங்களில் இலவசமாகக் கணக்குத் தொடங்கியும் தேடிப் பார்க்கலாம்.

அரசு வேலை என்றால் பழைய அரசிதழ்கள், பட்டதாரி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்கள் உதவும். ஆலை, அச்சகம், துறைமுகம் என்றால் நிறுவனத்தைவிடத் தொழிற்சங்கத்தை விசாரியுங்கள். பின்னி ஆலை 1996-ல் மூடிவிட்டது. ஆனால், அங்கே 1918-ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெயரைச் சொன்னால், பெரம்பூர், புளியந்தோப்பு பக்கத்தில் இன்றும் “எங்க தாத்தா அதுல இருந்தாரு” என்று சொல்பவர்கள் உண்டு.

தெரியக் கூடாதது தெரிந்தால்?

நகரத்து முன்னோரைத் தேடும்போது ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கும். திரும்பி வராதவர் ஏன் வரவில்லை? அங்கே இன்னொரு குடும்பம் இருந்ததா? பெயரை, சாதியை மாற்றிக்கொண்டாரா? வழக்கில் சிக்கினாரா?

இருக்கலாம். அதனால், தேடத் தொடங்கும் முன்பே வீட்டில் மூத்தவரைக் கேட்டுவிடுவது நல்லது. எதைத் தெரிந்துகொள்ள விருப்பம், எதை வேண்டாம் என்கிறார் என்று கேளுங்கள். கிடைத்ததை உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முதலில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு, நேரில் சொல்லுங்கள்.

பேத்தியும் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். “ஆயா, அங்க அவருக்கு வேற சம்சாரம், புள்ளைங்கன்னு ஏதாவது தெரிய வந்தா...?”

பாட்டி வெற்றிலையை மடித்தபடியே சொல்கிறார். “இருந்தா இருந்துட்டுப் போவுது. அதுங்களும் எங்கப்பன் புள்ளைங்கதானே? நீ தேதியைக் கேட்டுச் சொல்லு.”

கிடைக்குமா?

தாம்பரம் பக்கத்துப் பழைய பதிவேடுகளைத் தேடச் சொல்லி அடுத்த மனு போயிருக்கிறது. கிராமங்களில் அந்தக் காலத்தில் இறப்பைக் குறித்து வைத்தது கிராம முன்சீப். அந்த நோட்டுகள் சில இடங்களில் இருக்கின்றன. சில இடங்களில் செல்லரித்துப் போய்விட்டன. கிடைத்தால், இறந்த தேதியையும் பதிவு செய்த தேதியையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இறந்த தேதியை வைத்துப் பஞ்சாங்கத்தில் அன்றைய திதியைப் பார்த்துவிடலாம்.

கிடைக்காமலும் போகலாம். ஆனால் பேத்தி வந்தபோது பாட்டியிடம் இருந்தது ‘பட்டணத்துல போனாரு’ என்ற ஒரு வரிதான். இப்போது ஒரு தெரு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் ஒரு காலம் இருக்கிறது. கடைசி நாட்களில் மாசம் ஒருமுறை போய்ப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அப்பா தங்களை விட்டுவிட்டுப் போகவில்லை, நோயில் படுத்துவிட்டார் என்பது இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி பட்டாளத்தில் அந்தத் தெருவில் நின்றுகொண்டு வீடியோ கால் போடுகிறாள். ஓட்டு வீடுகள் போய் மாடி வீடுகள் வந்திருக்கின்றன. தெருமுனைக் கோயிலைக் காட்டியதும் பாட்டி போனை முகத்துக்குக் கிட்டே இழுக்கிறார்.

“இந்தக் கோயிலுதான். இதுக்கு எதுத்தாப்புல குழாயடி. எங்கம்மா கூட நானும் குடம் எடுத்துட்டுப் போவேன். சங்கு ஊதினா அப்பா வருவாரு.”

அந்த மாத அமாவாசைக்கு, எல்லாரோடும் சேர்த்துப் போடும் படையலுக்குப் பக்கத்தில், பாட்டி இன்னொரு இலை போடச் சொல்கிறார்.

இந்த வாரம் நீங்கள் செய்யலாம்

• வீட்டில் மூத்தவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். அனுமதி கேட்டுச் செல்போனில் பதிவு செய்யுங்கள். ‘எந்த வருஷம்?’ என்று கேட்காமல், ‘அப்ப என்ன நடந்துச்சு?’ என்று கேளுங்கள்.

• பட்டணம் போன முன்னோர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் பெயருக்குக் கீழே தெரு, வேலை, கூடப் போனவர்கள் என்று மூன்று தலைப்பு எழுதுங்கள். தெரிந்ததை நிரப்புங்கள்.

• பழைய கடிதம், கூப்பன், பத்திரிகை, பாத்திரம் எது கிடைத்தாலும் இருபுறமும் படம் எடுங்கள்.

• ஊரில் அவரோடு போனவர் குடும்பத்துக்கு ஒரு போன் போடுங்கள். மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். காகிதம் பத்து வருடம் காத்திருக்கும். எண்பது வயதுக்காரரின் நினைவு அப்படிக் காத்திருக்காது.